இரண்டாவது ‘ஹேட்’

பக்கத்து வீட்டுப் பையன் எட்டாம் வகுப்பு. ஆங்கிலப் புத்தகத்தில் ‘ஷி ஹேட் ஹேட் ஹெர் லஞ்ச்’ என்றிருந்ததைப் பார்த்து, அச்சுப்பிழை என்று ஒரு ‘ஹேட்’டைப் பென்சிலால் அடித்துவிட்டான். அவனைக் குறை சொல்ல முடியாது. ‘ஹேவ் என்றால் வைத்திருப்பது’ என்றுதானே சொல்லிக்கொடுக்கிறோம். மத்தியானச் சாப்பாட்டை ஒருத்தி இரண்டு தடவை எப்படி வைத்திருப்பாள்?

அந்தச் சொல்லின் ஆதிப் பொருள் பிடிப்பது, கையில் பற்றுவது. பழைய ஆங்கிலத்தில் ‘ஹாபன்’. இதே வேர் லத்தீனில் ‘காபெரே’ ஆயிற்று. ‘கேப்சர்’ அதன் வழி வந்தது. இரண்டுக்கும் மூலமான தொன்மொழியின் ‘க’, ஆங்கிலம் முதலான ஜெர்மானிய மொழிகளில் ‘ஹ’வாக மாறிய ஒழுங்கை 1822இல் மொழியறிஞர் யாக்கோப் கிரிம் விளக்கிக் காட்டினார். லத்தீனில் ‘ஹாபேரே’ என்றும் ஒரு சொல் உண்டு. பொருளும் ஏறக்குறைய இதுவே. ஆனால் ஆங்கிலச் சொல்லுக்கும் அதற்கும் உறவு கிடையாது. முக ஜாடை ஒத்துப்போனவர்கள் எல்லாம் பங்காளிகள் ஆகிவிடுவார்களா?

கையில் பிடித்த பொருளில் தொடங்கிய சொல் தம்பி, காய்ச்சல், சந்தேகம், நேரம் என்று எல்லாவற்றையும் பிடித்துக்கொண்டது. தமிழில் அப்படி இல்லை. ‘என்னிடம் பேனா இருக்கிறது’, ‘எனக்கு ஒரு தம்பி இருக்கிறான்’. இதை மாற்றி ‘என்னிடம் தம்பி இருக்கிறான்’ என்றால், அவன் என் வீட்டில் என் பொறுப்பில் தங்கியிருக்கிறான் என்றாகிவிடும். ஆங்கிலம் இந்த வித்தியாசத்தைப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது வேறொன்றை: நிலையா, செயலா? ‘ஐ ஆம் ஹேவிங் லஞ்ச்’ சரி, சாப்பிடுவது செயல். ‘ஐ ஆம் ஹேவிங் டூ பிரதர்ஸ்’ என்று நம் ஊரில் தாராளமாகச் சொல்கிறோம். இலக்கணக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், அண்ணன் தம்பி இருப்பது நிலை.

முடிந்த காரியத்தைச் சொல்ல இந்தச் சொல் எப்படி வந்தது? ‘கடிதம் எழுதி வைத்திருக்கிறேன்’ என்கிறோமே, கிட்டத்தட்ட அந்த இடத்தில்தான் தொடங்கியது. எழுதி முடித்த கடிதம் கையில் இருக்கிறது என்ற பொருள் தேய்ந்து, ‘எழுதியிருக்கிறேன்’ என்பது மட்டும் மிஞ்சியது. கடிதம் முன்னும் ‘எழுதி’ பின்னுமாக நின்ற அந்தப் பழைய வரிசை இன்னும் சாகவில்லை. ‘ஐ ஹேட் மை ஹேர் கட்’ என்றால் சலூன்காரர் வெட்டினார். ‘ஐ ஹேட் கட் மை ஹேர்’ என்றால் கத்தரிக்கோலை நானே எடுத்திருக்கிறேன். ஒரு சொல் இடம் மாறியதில் ஆளே மாறிவிட்டார். ‘முடி வெட்டிக்கொண்டேன்’ என்ற நம் வாக்கியமோ இரண்டுக்கும் பொதுவாக நிற்கும்.

தமிழில் ‘ஹேவ்’வுக்கு நேரான சொல் இல்லை என்று சிலர் குறைபடுவார்கள். பழந்தமிழில் ‘உடையன்’, ‘உடையேன்’ இருந்தன. குறளின் அன்புடைமை, அறிவுடைமை முதலான அதிகாரத் தலைப்புகளில் அந்த வேர் நிற்கிறது. அங்கே உடைமையாவது வீடும் நிலமும் அல்ல, குணம். இன்று ‘என்னுடைய’ என்பதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. வினையாக அதன் வேலையை ‘இரு’ எடுத்துக்கொண்டது.

எனக்கு வியப்பு அந்த ‘இரு’தான். ‘ஐ ஹேவ் எ ஹவுஸ்’: எனக்கு வீடு இருக்கிறது. ‘ஐ ஹேவ் ரிட்டன்’: எழுதியிருக்கிறேன். ‘ஐ ஹேவ் டு கோ’, பேச்சில் ‘ஹேஃப்டு’: போகவேண்டியிருக்கிறது. உடைமை, முடிவு, கட்டாயம் என்று மூன்று வேலைக்கும் அங்கே ஒரே சொல், இங்கேயும் ஒரே சொல். அவர்கள் பிடிப்பதில் தொடங்கினார்கள், நாம் இருப்பதில்.

பையனிடம் இவ்வளவும் சொல்லவில்லை. ‘சாப்பிட்டிருந்தாள்’ என்று எழுதச் சொல்லி, நடுவில் ஒரு கோடு போட்டேன். ‘சாப்பிட்டு’, அது இரண்டாவது ஹேட். ‘இருந்தாள்’, அது முதலாவது. சற்று நேரம் பார்த்துவிட்டு, “அப்போ அவங்க திருப்பிப் போட்டிருக்காங்க” என்று சொல்லி ரப்பரைத் தேடினான்.