கழற்றுவதற்கென்று அணிவது

உடலைப் பழக்க உடல்மேலேயே ஒன்றைக் கட்டிக்கொள்ளும் வழக்கம் பழமையானது. கோல்ஃப் மட்டை வீசப் பழகுகிறவர்கள் இரு மேற்கைகளையும் ஒரு பட்டையால் பிணைத்துக்கொள்கிறார்கள். மணிக்கட்டு மடங்காமலிருக்க வார் வைத்த தகட்டை அணிகிறார்கள். வீச்சு தடம் மாறினால் ஒலியெழுப்பும் கருவிகளும் உண்டு. சென்னையில் இந்த ஆட்டத்துக்கான திடல் நந்தனத்தில் இருக்கிறது. வடசென்னைக்கு அதோடு பழக்கமில்லை. ஆனால் அந்தப் பட்டை எழுப்பும் கேள்வி அங்குள்ள கொடுங்கையூருக்குப் புதிதல்ல. பட்டை பிடித்துவைத்ததால் கை சரியாக வந்தது என்றால், சரியாக வீசியது ஆளா, பட்டையா?

கார்த்திகை முதல் தேதி விடியற்காலையில் கொடுங்கையூர், எருக்கஞ்சேரி, மூலக்கடைப் பக்கத்துக் கோயில்களில் குளித்த ஈரம் காயாமல் ஆட்கள் மாலை அணிவிக்கும் குருசாமிக்கு முன்னால் நிற்பார்கள். துறைமுகத்துக்கு டிரெய்லர் ஓட்டுகிறவரும், மணலி ஆலையில் ஷிஃப்ட் பார்க்கிறவரும், தெருமுனையில் மெக்கானிக் கடை வைத்திருப்பவரும் அதில் இருப்பார்கள். துளசி மணியோ உருத்திராட்சமோ 54 அல்லது 108 கோத்து, ஐயப்பன் டாலர் தொங்கும் மாலை கழுத்தில் விழுந்ததும் சபரிமலைக்கான 41 நாள் விரதம் தொடங்கிவிடுகிறது. இரு வேளைக் குளியல், தரையில் படுக்கை, வெறுங்கால். புலால், மது, தாம்பத்தியம் மூன்றும் விலக்கு. வேலையிடத்தில் பாதுகாப்புக் காலணி கட்டாயம் என்றால் ஷிஃப்ட் முடியும்வரை அணிந்துவிட்டு, வெளியே வந்ததும் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்கிறவர்களும் உண்டு.

இந்த மாலை கோல்ஃப் பட்டையைப் போல எதையும் பிடித்துவைப்பதில்லை. குடிக்கப் போகும் கையைத் தடுக்கும் வலு அதற்குக் கிடையாது. அது வேலை செய்வது வேறு வழியில். வாயில் வசவு வரும் நேரத்தில் விரல் டாலரைத் தொடுகிறது. சொல் பாதியில் நிற்கிறது. அதைவிடப் பெரிய காரியம் வெளியே நடக்கிறது. மாலை போட்டவரை மனைவியும் 'சாமி' என்கிறாள், டீக்கடைக்காரரும் 'சாமி' என்கிறார், நேற்றுவரை ஒருமையில் பேசிய கூட்டாளியும் 'சாமி' என்கிறான். அவரும் எதிரே இருப்பவரை, சிறுபிள்ளையானாலும், 'சாமி' என்றே அழைத்தாக வேண்டும். பட்டை அதை அணிந்தவனோடு மட்டும் பேசுகிறது. மாலையோ தெரு முழுவதையும் பயிற்றுநராக்கிவிடுகிறது.

விரதம் கொண்டுபோய்ச் சேர்க்கும் சந்நிதியிலும் ஒரு கட்டு இருக்கிறது. சபரிமலை ஐயப்பன் குத்துக்காலிட்டு அமர்ந்திருக்க, முழங்கால்களைச் சுற்றி யோகபட்டம் என்னும் துணிப்பட்டை ஓடுகிறது. 1950இல் கோயில் எரிந்தபின் 1951இல் நிறுவிய இன்றைய ஐம்பொன் திருமேனியும் இதே கோலத்தில்தான் இருக்கிறது. யோக நரசிம்மரும் யோகபட்டம் தரித்தவர். யோகிகளுக்கு இது வெறும் அணியல்ல, பயன்படு பொருள்: நெடுநேரம் ஒரே இருக்கையில் அமரும்போது கால் தளர்ந்து சரியாமல் துணி தாங்கிக்கொள்ளும், கவனம் உள்ளே போகலாம். யோகத்துக்கே தலைவனான தெய்வத்துக்கு இந்தத் துணை எதற்கு என்ற கேள்வி இயல்பானது. ஐயப்பனை வளர்த்த தந்தையான பந்தள ராஜா வந்ததைக் கண்டு மகன் எழ முயன்றதாகவும், எழ வேண்டாமென்று தந்தை தம் அங்கவஸ்திரத்தை வீசிக் கால்களைக் கட்டியதாகவும் பக்தர்கள் வழங்கும் கதை ஒன்று உண்டு. அந்தக் கதையில் பட்டம் உதவிக் கருவி அல்ல, அன்பின் தளை. தேவைப்படாதவனும் விரும்பிக் கட்டுப்படலாம் என்பதை அது சொல்கிறது. கட்டுண்டிருப்பது குறைபாட்டின் அடையாளம் என்ற எண்ணத்தை இதைவிட நேராக மறுக்க முடியாது.

ஆனாலும் மாலைக்கு எதிரான மறுப்பு வலுவானது. புறக்கோலத்தால் அகம் மாறாது என்று சித்தர் மரபு விடாமல் சொல்லிவந்திருக்கிறது. கிரேக்கத்தில் அரிஸ்டாட்டில் இதே முடிச்சை வேறு முனையில் பிடித்தார். நீதியான செயல்களைச் செய்துதான் நீதிமான் ஆக முடியும் என்றார். நீதியாகச் செய்கிறவன் ஏற்கெனவே நீதிமான்தானே என்ற ஆட்சேபத்தையும் தாமே எழுப்பினார். பிறர் சொல்லிக்கொடுத்து ஒருவன் பிழையின்றி எழுதலாம், அதனால் மட்டும் அவன் இலக்கணம் அறிந்தவன் ஆகிவிடமாட்டான். அறிந்து, அதற்காகவே தேர்ந்து, நிலைபெற்ற இயல்பிலிருந்து செய்யும்போதே செயல் அவனுடையதாகிறது என்பது அவர் விடை. மாலை அணிந்த முதல் வாரம் இந்த அளவுகோலில் தேறாது. மாலைக்குப் பயந்து குடிக்காதிருப்பவன் மதுவை வென்றவன் அல்ல.

உடல்திறன் கற்றல் பற்றிய ஆய்வும் இந்த ஐயத்தின் பக்கமே நிற்கிறது. 1984இல் சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் திறன் கற்றலைப் பற்றிய முந்தைய ஆய்வுகளைத் திரட்டி ஆராய்ந்தனர். வெளியிலிருந்து இடைவிடாமல் வழிகாட்டல் கிடைத்தால் பயிற்சியின்போது செயல் மேம்படுகிறது. ஆனால் கற்பவர் அதையே சார்ந்துவிடுவதால், வழிகாட்டல் நின்றதும் திறன் சரியக்கூடும் என்பது அவர்கள் வைத்த கருத்து. கோல்ஃப் விதிகளும், 4.3ஆம் விதிப்படி, ஆட்டத்தின் நடுவே பயிற்சிக் கருவியைக் கொண்டு வீசிப்பார்க்க அனுமதிப்பதில்லை. கழற்றியபின் என்ன மிஞ்சுகிறதோ அதுதான் கணக்கு.

எல்லாச் சமய அணிகளும் இந்தக் கணக்குக்கு உட்பட்டவை அல்ல. வீரசைவர் உடலில் தரிக்கும் இட்டலிங்கம் வாழ்நாளில் நீங்கக் கூடாதது. வைணவர் சமாசிரயணத்தில் தோளில் பெறும் சங்கு சக்கர முத்திரை கழற்றவே முடியாதது. அவை இன்னாருக்கு உரியவன் என்று அறிவிப்பவை. ஐயப்ப மாலையோ அணியும்போதே கழற்றும் நாளும் குறிக்கப்பட்டது. மலையிறங்கி ஊர் திரும்பியதும் குருசாமியோ தாயோ அதைக் கழற்றுவார்கள். அணிய ஒரு மந்திரம் இருப்பதுபோல் கழற்றவும் ஒன்று உண்டு.

மாலை கழன்ற மறுநாளே பழைய மதுக்கடைக்குப் போகிறவர்கள் உண்டு. அதைக் காட்டி விரதமே வேஷம் என்று தள்ளிவிடுவது தவறு. கோல்ஃபில் பயிற்சித் திடல் வேறு, ஆட்டத் திடல் வேறு. பயிற்சியில் அடித்த நல்ல அடி ஆட்டத்தில் எண்ணப்படாது. வாழ்க்கைக்கு அப்படித் தனிப் பயிற்சித் திடல் இல்லை. விரத நாளும் வாழ்ந்த நாளே. அந்த 41 நாளும் கூலி முழுதாக வீட்டுக்கு வந்தது, இரவில் அடி விழவில்லை, பிள்ளைகள் பயமின்றிப் படித்தார்கள். 42ஆம் நாள் தவறினாலும் அவை நடக்காதவை ஆகிவிடுவதில்லை. அந்த நாட்களின் நற்செயலுக்கு உரியவர் யார் என்றால், மாலை போட்டுக்கொண்ட மனிதரேதான். தன் பலவீனத்தை அறிந்து, நிதானமான ஒரு காலையில், தடுமாறப்போகும் மாலைப்பொழுதுகளுக்கு முன்கூட்டியே வேலி போட்டவர் அவர். அந்தத் தேர்வு முழுக்க அவருடையது. அரிஸ்டாட்டில் கேட்ட நிலைபெற்ற இயல்பு அவரிடம் இன்னும் வரவில்லை என்பது உண்மை. தேர்வு வந்துவிட்டது என்பதும் உண்மை.

ஆண்டுதோறும் திரும்ப அணிவது முந்தைய ஆண்டின் தோல்விக்குச் சான்றா என்ற கேள்வி மிஞ்சுகிறது. பயிற்சி என்று மட்டும் பார்த்தால் ஆம் என்றே சொல்லத் தோன்றும். வழக்கம் அப்படிப் பார்ப்பதில்லை. முதல் முறை மலைக்குப் போகிறவர் கன்னிசாமி. 18ஆம் ஆண்டு போகிறவர் சந்நிதானத்தில் தென்னங்கன்று நட்டு மூத்தவராகிறார். குடியையும் கோபத்தையும் என்றோ விட்டுவிட்டவரும் அதன்பின் மாலையை நிறுத்துவதில்லை. கார்த்திகை பிறந்ததும் மற்றவர்களுக்குப் போடுவதற்கு முன் குருசாமியும் தாம் ஒரு மாலை அணிந்துகொள்கிறார்.