காணோம் என்பதும் இல்லை என்பதும்

போனைக் கம்பியால் கம்ப்யூட்டரோடு சேர்த்தாயிற்று. போனில் சார்ஜ் ஏறும் அடையாளம் வந்துவிட்டது. கம்ப்யூட்டரிலோ ஒன்றும் தோன்றவில்லை. இந்த நிலையில் கோவை கிராஸ்கட் ரோட்டிலானாலும் காங்கயத்துக் கடைத்தெருவிலானாலும் இரண்டு பேச்சுகள் காதில் விழும். "சார்ஜ் ஏறுதுங்களே, அப்ப ஒயர் நல்லாத்தான இருக்குது" என்பது ஒன்று. "கம்ப்யூட்டர்ல காணோமுங்க, போர்டு போயிருச்சு" என்பது இன்னொன்று. முதல் பேச்சு கிடைத்த ஒன்றை வைத்துக் கிடைக்காத இன்னொன்றும் உண்டு என்கிறது. இரண்டாவது, கண்ணில் படாததை வைத்து இல்லை என்கிறது. இரண்டுமே பெரும்பாலான நேரம் தவறாகப் போகின்றன. கடவுள் உண்டா இல்லையா என்று இந்த மண்ணில் நெடுங்காலமாக நடக்கும் வழக்கிலும் நாம் தடுக்கி விழுவது இதே இரண்டு இடங்களில்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆகவே பெரிய வழக்கைத் தொடுவதற்கு முன் சிறிய வழக்கை ஒழுங்காக விசாரிப்பது நல்லது.

பழைய வகை யு.எஸ்.பி. கம்பியின் தோலை உரித்தால் உள்ளே நான்கு இழைகள் இருக்கும்: சிவப்பு, கறுப்பு, பச்சை, வெள்ளை. சிவப்பில் 5 வோல்ட் மின்சாரம் வருகிறது, கறுப்பு அது திரும்பும் வழி. தகவல் போவது பச்சையிலும் வெள்ளையிலும். சார்ஜுக்கென்றே விற்கும் மலிவான கம்பிகள் சிலவற்றில் அந்தப் பச்சையும் வெள்ளையும் இருக்கவே இருக்காது. கம்ப்யூட்டரில் செருகும் தட்டையான முனையை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். உள்ளே நான்கு தகடுகள் தெரியும். ஓரத்து இரண்டும் சற்று நீளம், நடு இரண்டும் சற்றுக் குட்டை. ஓரத்தவை மின்சாரத்துக்கு, நடுவிலுள்ளவை தகவலுக்கு. செருகும்போது மின்சாரம் முதலில் தொடட்டும், பேச்சு பிறகு தொடங்கட்டும் என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருக்கிறார்கள். ஆக, சார்ஜ் ஏறுவது சிவப்பும் கறுப்பும் நன்றாக இருப்பதற்கு மட்டுமே சாட்சி. பச்சையையும் வெள்ளையையும் பற்றி அது வாயே திறக்கவில்லை. அதேபோல், கம்ப்யூட்டர் காட்டாததற்கும் காரணங்கள் பல. கம்பி சார்ஜுக்கு மட்டுமானதாக இருக்கலாம். சட்டைப்பையின் பஞ்சு போன் துளையில் அடைந்து முனை முழுதாக இறங்காமல் இருக்கலாம்; நூற்பாலையும் பனியன் கம்பெனியும் நிறைந்த பகுதியில் இதைச் சொல்லித் தர வேண்டியதில்லை. 2015-இல் வந்த ஆண்ட்ராய்டு 6 முதல், கம்பி செருகினால் சார்ஜ் மட்டும் என்பதையே போன் தானாக எடுத்துக்கொள்கிறது. கோப்பு தர வேண்டுமென்றால் நாம்தான் திரையில் தொட்டுச் சொல்ல வேண்டும். சில நேரம் போனின் பெயர் வரும், உள்ளே போனால் காலியாக இருக்கும், ஏனென்றால் பூட்டை இன்னும் திறக்கவில்லை. போர்டு போயிருப்பது இவை எல்லாவற்றுக்கும் கடைசியில் நிற்க வேண்டிய சந்தேகம்.

இந்த விசாரணை முறைக்குத் தமிழில் பெயர்களே உண்டு. மணிமேகலைக் காப்பியத்தில் சமயக்கணக்கர் தம் திறம் கேட்ட காதையில், வஞ்சி மாநகரில் அளவைவாதி மணிமேகலையிடம் அறியும் வழிகளைப் பத்தாக எண்ணிச் சொல்கிறான். (அந்த வஞ்சி எது என்ற விவாதத்தில் நம் கரூரைச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.) இராமன் வென்றான் என்று கேட்டதுமே இராவணன் தோற்றான் என்று அறிவது மீட்சி. இரும்பு ஊசி அசைவதைக் கண்டு அருகில் காந்தம் உண்டு என்று கொள்வது உள்ளநெறி. ஒன்று இல்லை என்று அறிவதற்கும் அபாவம் என்று தனிப் பெயர் உண்டு. அத்தோடு அவன் நிறுத்தவில்லை, அறிவு போலத் தோன்றி ஏமாற்றுகிறவை எட்டையும் சொல்கிறான். சிப்பியை வெள்ளி என்று எடுப்பது திரியக்கோடல். வெளியில் நிற்கும் கட்டையை ஆராயாமல் மனிதன் என்று முடிவு கட்டுவது தேராது தெளிதல். 13-ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரின் சுபக்கத்தை அளவையில்தான் தொடங்குகிறார். ஒழிபு, அபாவம் உட்படப் பத்தையும் எண்ணிவிட்டு, எல்லாம் காட்சி, கருதல், உரை என்ற மூன்றுக்குள் அடங்கும் என்கிறார். இறைவனைப் பற்றிய நூல் இறைவனைப் பற்றிப் பேசும் முன், ஒன்றை எப்படி அறிகிறோம் என்று கேட்டுக்கொள்கிறது என்பதை நாம் போதுமான அளவு கவனிப்பதில்லை.

இந்த அபாவத்துக்கு ஒரு நிபந்தனையை 7-ஆம் நூற்றாண்டுப் பௌத்த அறிஞர் தருமகீர்த்தி மிகக் கூர்மையாக வைத்தார். தரையில் குடம் இருந்திருந்தால் கண்ணுக்குத் தெரிந்திருக்கும், வெளிச்சமும் இருக்கிறது, கண்ணும் நன்றாக இருக்கிறது. தெரியவில்லை, ஆகவே குடம் இல்லை. இது செல்லும். ஆனால் இயல்பாகவே கண்ணுக்குப் புலப்படாத பேயைக் காணவில்லை என்பதால் பேய் இல்லை என்று முடிக்க முடியாது. அங்கே மிஞ்சுவது ஐயம் மட்டும். அதாவது, இருந்தால் தெரிந்திருக்கும் என்று முதலில் நிலைநாட்டியவனுக்கே, தெரியவில்லை ஆகையால் இல்லை என்று சொல்லும் தகுதி உண்டு. போன் கடையில் நல்ல கம்பி ஒன்றைத் தனியாக மாட்டி வைத்திருப்பதன் பொருள் இதுதான். அந்தக் கம்பியில் வேறொரு போனைப் போட்டுக் கம்ப்யூட்டர் காட்டுகிறது என்று பார்த்த பிறகே, உங்கள் போனைக் காட்டாததற்கு ஒரு மதிப்பு வருகிறது.

கொங்கு நாட்டு விவசாயிக்கு இதை ஆழ்துளைக் கிணற்றை வைத்துச் சொன்னால் இன்னும் சுருக்கமாகப் புரியும். ஆயிரம் அடிக்குக் கீழே மோட்டார் தொங்குகிறது, சுவிட்சைப் போட்டால் தண்ணீர் வரவில்லை. விவரமான மெக்கானிக் உடனே குழாயைத் தூக்கச் சொல்ல மாட்டார். மூன்று பேஸும் வருகிறதா, ஸ்டார்ட்டர் பிடிக்கிறதா, ஆம்பியர் எவ்வளவு இழுக்கிறது, கேபிளில் எங்காவது அறுந்திருக்கிறதா என்று மேலேயே பார்த்துவிடுவார். ஏனென்றால் தூக்குவது ஒரு நாள் வேலை, பெரிய செலவு, தூக்கும்போது நல்ல குழாயும் கேபிளும் கெடலாம். தவறாகக் குற்றம் சாட்டினால் கெடுதல் எங்கே அதிகமோ, அந்த இடத்தைக் கடைசியில் தொடுவது என்பது அவர் தொழிலின் அறம்.

இனிப் பெரிய வழக்கு. வானத்தில் தேடினோம், காணோம், ஆகவே கடவுள் இல்லை என்று ஒருவர் சொன்னால், அவர் பேயையும் குடத்தையும் ஒன்றாக்குகிறார். எந்தக் கம்பியில் தேடினார், இருந்தால் அதில் தெரிந்திருக்க வேண்டும் என்று எப்படி அறிந்தார் என்பதை அவர் சொல்லியாக வேண்டும். ஆனால் நாத்திகம் அனைத்தையும் இப்படித் தள்ளிவிடுவது நியாயமாகாது. 1879-இல் ஈரோட்டில் பிறந்த பெரியாரின் மறுப்பு வெறும் காணோம் என்ற மறுப்பாக இருந்ததில்லை. கடவுளின் பெயரால் மனிதனை மனிதன் கீழே தள்ளியதைக் காட்டி எழுந்த மறுப்பு அது. எல்லோரையும் சமமாகக் காக்கும் ஒருவன் இருந்தால் அவன் பெயரால் நடக்கும் வீட்டில் இன்னது தெரிந்திருக்க வேண்டுமே, தெரியவில்லையே என்கிற கேள்வி குடத்தைப் பற்றிய கேள்வி. தருமகீர்த்தியின் நிபந்தனைக்குள் அது வந்துவிடுகிறது. அதைப் பேயைக் காட்டித் தப்ப முடியாது. ஆத்திகன் அதற்குப் பதில் சொல்லியே தீர வேண்டும்.

ஆத்திகன் வழக்கமாகச் சொல்லும் பதிலோ சார்ஜ் ஏறுகிறது என்பதுதான். பேரூர்ப் பட்டீசுவரர் முன்னால் நின்றால் மனசு அடங்குகிறது, மருதமலைப் படி ஏறி வந்தால் நெஞ்சுப் பாரம் இறங்குகிறது, ஆகவே அவன் இருக்கிறான். அந்த நிம்மதியை நான் சிறிதும் குறைத்துப் பேசமாட்டேன். பாட்டரி தீர்ந்த போனுக்கு முதலில் வேண்டியது மின்சாரம்தான். தற்கொலையின் விளிம்பில் நிற்பவனை ஒரு கோயில் பிரகாரம் திருப்பி அனுப்பியிருந்தால் அதற்கு மேல் எந்தச் சான்றும் அந்த நேரத்துக்குத் தேவையில்லை. ஆனால் நிம்மதி என்பது சிவப்பிலும் கறுப்பிலும் வருவது. கல்மண்டபத்துக் குளிர்ச்சியும், கூட்டத்தோடு சேர்ந்து கும்பிடுவதும், சிறுவயது முதல் பழகிய மணியோசையும்கூட அதைத் தர முடியும். மறுமுனையில் ஒருவர் கேட்கிறார் என்பதற்கு அது சாட்சியாகாது. அமைதி வந்ததால் அவன் இருக்கிறான் என்று சொல்கிறவர், அமைதி வராத அன்றைக்கு அவன் இல்லை என்று ஒப்புக்கொள்ளத் தயாரா? தயாரில்லை என்றால், முதல் வாக்கியத்தையும் சான்றாக வைக்காமல் இருப்பதே நேர்மை.

இங்கே பக்தர்கள் ஒரு தடை எழுப்புவார்கள்: தெய்வத்தைச் சோதிப்பது பிழை, கம்பியை மாற்றி மாற்றிப் பார்க்கிற பட்டறைப் புத்தியைக் கோயிலுக்குள் கொண்டுவராதே என்று. இது நம் வழக்கத்துக்கே பொருந்தாத தடை. காங்கயம் பக்கத்தில் சிவன்மலை சுப்பிரமணியசாமி கோயிலில் ஆண்டவன் உத்தரவுப் பெட்டி இருக்கிறது. ஒரு பக்தரின் கனவில் ஆண்டவர் வந்து இன்ன பொருளை வை என்று சொல்ல, அந்தப் பொருள் கண்ணாடிப் பெட்டிக்குள் எல்லோர் பார்வைக்கும் வைக்கப்படுகிறது. அடுத்த உத்தரவு இன்னொருவர் கனவில் வரும்வரை அது அங்கேயே இருக்கும், அதற்குக் கால அளவு கிடையாது. மண், தண்ணீர், நெல் என்று எத்தனையோ பொருள்கள் அதில் இருந்திருக்கின்றன. இதில் என்னை நிறுத்துகிற விஷயம், கனவு கண்டேன் என்று சொன்னவுடன் வைத்துவிடுவதில்லை என்பது. சாமி முன்னால் பூப்போட்டுக் கேட்கிறார்கள். வெள்ளைப் பூ வந்தால்தான் வைப்பார்கள். ஒருவருடைய உள்ளனுபவம் எவ்வளவு உண்மையாக அவருக்குத் தோன்றினாலும், அது தானே தனக்குச் சான்றாக முடியாது, வெளியே இன்னொரு வழியிலும் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பது அந்த மலையின் சட்டம். பூ போடுவது தற்செயலைத் தாண்டி எதையும் காட்டுமா என்பது தனிக் கேள்வி. காட்டும் என்று நான் வாதிடவில்லை. தவறிப் போகக்கூடிய ஒரு சோதனையை முன்கூட்டியே அறிவித்து, அதன் முடிவுக்குக் கட்டுப்படும் மனம் அங்கே இருக்கிறது என்கிறேன். வைத்த பிறகு நடப்பதில்தான் எனக்கு மன உடன்பாடு இல்லை. தண்ணீர் இருந்தது, 2004-இல் சுனாமி வந்தது, ஆகவே அதுதான் இது என்று நிகழ்ச்சி முடிந்த பின் பொருத்துகிறார்கள். சுனாமிக்குப் பதில் நல்ல மழை பெய்திருந்தாலும் தண்ணீர் பொருந்தியிருக்கும், வறட்சி வந்திருந்தாலும் பொருந்தியிருக்கும். எது நடந்தாலும் பொருந்துகிற பதில், பதிலே வராததற்குச் சமம்.

இதைவிட வலுவான தடையைச் சைவ சித்தாந்தம் வைக்கும். பொருள் நன்றாக இருந்து, கம்பியும் நன்றாக இருந்து, ஆனாலும் காட்டாமல் போகலாம் என்று மேலே பார்த்தோம். கம்பியில் வரும் எவரையும் நம்பிவிடக் கூடாது என்று போன் தயாரிப்பவர்கள் கற்றுக்கொண்டதில் ஒரு பாடத்துக்குப் பங்கு உண்டு. 2013-இல் அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் ஆய்வாளர்கள், சார்ஜர் போலவே தோன்றும் ஒரு கருவியால் ஐபோனுக்குள் நுழைய முடியும் என்று காட்டினார்கள். அதே ஆண்டு வந்த ஐ.ஓ.எஸ். 7, இந்தக் கம்ப்யூட்டரை நம்பலாமா என்று உரியவரைக் கேட்கத் தொடங்கியது. கல்லை நாமாகப் போய் அறிந்துவிடலாம். திறக்கும் உரிமை தன் கையில் உள்ள ஒன்றை, அது திறந்தால்தான் அறியலாம். சித்தாந்த ஆசான் மெய்கண்டார் வழியில் வந்தவர்கள் காட்டும் உபகாரம், காணும் உபகாரம் என்று இரண்டு சொல்வது இதைத் தொட்டுத்தான்: உயிர் தானே காண்பதில்லை, அவன் காட்டக் காண்கிறது. அப்படியானால் நம் சோதனையில் சிக்கவில்லை என்பது எதையும் நிரூபிக்காதே என்பார்கள்.

ஒப்புக்கொள்கிறேன், நிரூபிக்காது. ஆனால் அதே மூச்சில் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அவன் விரும்பினால் காட்டுவான், விரும்பாவிட்டால் காட்டமாட்டான் என்றால் எந்த முடிவும் அந்தக் கூற்றைத் தொடாது. ஆகவே அதை நம்பிக்கையாக வைத்துக்கொள்ளலாம், அதன்படி வாழலாம், வாதத்தில் அடுத்தவரை மடக்கும் சான்றாக எடுக்கக் கூடாது. முக்கியமாக, அதைத் துன்பப்படுகிறவர் மேல் எறியக் கூடாது. மகனுக்கு உடம்பு சரியாகவில்லை என்று அழுகிற தாயிடம், "உன் வேண்டுதல்ல குறை, நீ மனசார நம்பலை" என்று சொல்ல நம்மில் பலர் கூசுவதில்லை. காட்டுவது அவன் விருப்பம் என்று ஒரு பக்கம் சொல்லிக்கொண்டு, காட்டாததற்குப் பழுது உன்னிடம் என்று மறுபக்கம் தீர்ப்பு எழுதுவது எப்படிச் சேரும்? கம்பியைப் பார்க்காமல், துளையைப் பார்க்காமல், திரையில் என்ன கேட்கிறது என்று பார்க்காமல் போர்டு போயிருச்சு என்பதன் கொடிய வடிவம் இது. ஒரு போர்டுக்குக் காசு போகும். இங்கே மிச்சமிருந்த தெம்பே போகிறது. தவறானால் கெடுதல் அதிகமான இடத்தைக் கடைசியில் தொடு என்று மோட்டார் மெக்கானிக்குக்குத் தெரிந்தது நமக்கு மட்டும் ஏன் மறக்கிறது?

சிவன்மலையில் பூக் கேட்டு வெள்ளை வராமல் போனால் அந்தக் கனவைப் பொய் என்று யாரும் சொல்வதில்லை, கண்டவரின் பக்தியை எடை போடுவதும் இல்லை. உத்தரவு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். பெட்டியில் ஏற்கெனவே இருந்த பொருள் அப்படியே இருக்கும். கொண்டுவந்ததைத் துணியில் சுற்றிக்கொண்டு அவர் படி இறங்கிப் போகலாம்.