பாடு என்னும் ஒரு சொல்

தமிழில் ‘பாடு’ என்னும் சொல்லுக்குப் பொருள் பல. இசைக்கச் சொல்லும்போது ‘பாடு’ என்கிறோம். உழைப்பின் வருத்தமும் பாடுதான். ‘பாடுபட்டுச் சேர்த்த காசு’ என்று அதைப் பொத்திக் காக்கிறோம். தவக்காலத்தில் ஆண்டவரின் பாடுகளைத் தியானிக்கிறோம். பொன்னேரிக்குக் கிழக்கே, பழவேற்காட்டு ஏரிக்கரையில் வாழும் மீனவ மக்களுக்கோ இச்சொல் இன்னும் ஒரு பொருளைத் தருகிறது. ஏரியில் வலை கட்டும் இடத்தையும், அவ்விடத்தில் தொழில் செய்யக் கிடைக்கும் முறையையும் அவர்கள் ‘பாடு’ என்கிறார்கள்.

ஏரி ஒருவருக்குச் சொந்தமன்று. ஆயினும் முகத்துவாரத்தை ஒட்டிய சில இடங்களில்தான் இறால் மிகுதியாகக் கிடைக்கும். வல்லவன் முந்திக்கொண்டால் மெலிந்தவன் பட்டினி கிடப்பான். எனவே, வழிவழியாக மீன்பிடிக்கும் சில ஊர்கள் அவ்விடங்களையும் நாள்களையும் தமக்குள் முறை வைத்துப் பகிர்ந்துகொண்டன. இன்று இவன் பாடு, நாளை அவன் பாடு. நீர் எல்லாருக்கும் பொது; ஆனால் இன்றைய முறைக்காரனின் வலையில் விழுந்த இறாலை இன்னொருவன் அள்ள முடியாது. பொதுமையும் உரிமையும் ஒன்றையொன்று விழுங்காமல் வாழ இம்மக்கள் கண்ட வழி இது.

பாடல் யாருடையது, பாடுகிறவனுக்கு நாம் என்ன கடன்பட்டிருக்கிறோம் என்னும் வினாவை எண்ணும்போது, ஏரிக்கரையின் இந்தச் சொல்லே நம் முன் வந்து நிற்கிறது.

இந்த ஏரிக்குத் தெற்கே எண்ணூர்க் கழிமுகம். அனல் மின் நிலையங்களின் சாம்பலும் துறைமுகங்களின் விரிவும் அந்நீர்நிலத்தைக் குறுக்கியதை நாடறியும். 2017-ஆம் ஆண்டுப் பொங்கல் நாளில் அதைப் பற்றி ஒரு பாடல் வெளிவந்தது. ‘சென்னை புறம்போக்குப் பாடல்’ என்று பெயர். சொற்களை எழுதியவர் கபேர் வாசுகி. திரைப்படத்தைச் சாராமல், தாமே எழுதித் தாமே பாடிவரும் தனி இசைக் கலைஞர் அவர். மெட்டமைத்தவர் ஆர்.கே. ஸ்ரீராம்குமார், பாடியவர் டி.எம். கிருஷ்ணா. கச்சேரி மேடையின் இராகங்களில் சென்னைப் பேச்சு வழக்கு ஒலித்தது பலரை வியக்க வைத்தது.

‘புறம்போக்கு’ என்பது ஊருக்குப் பொதுவான நிலத்தின் பெயர்: ஏரி, குளம், மேய்ச்சல் வெளி. எல்லாருக்கும் உரியது என்பதாலேயே யாருக்கும் உரியதன்று என ஆயிற்று. யாரும் அள்ளலாம், யாரும் கொட்டலாம் என்றாயிற்று. நாளடைவில் அச்சொல் வசைச்சொல்லாகவே மாறிவிட்டது. நிலத்துக்கு நேர்ந்த இந்தக் கதி பாடலுக்கும் நேர்கிறதன்றோ? காற்றில் வருவது, எல்லார் வாயிலும் புழங்குவது. ஆகவே பாடலுக்கு உடையவர் இல்லை என்று எண்ணுவது எளிது. பாடல் ஒரு புறம்போக்கா?

அரக்கோணத்துக்காரரான அறிவு என்னும் இளைஞரின் வரலாற்றைப் பார்ப்போம். பொறியியல் படித்தவர், கவிதை எழுதிப் பழகியவர். 2018-ஆம் ஆண்டு சனவரியில் சென்னையில் முதன்முதலாக மேடையேறிய ‘தி கேஸ்ட்லெஸ் கலெக்டிவ்’ இசைக்குழுவில் அவர் ஒருவர். மரண வீடுகளிலும் தெருமுனைகளிலும் ஒலித்துவந்த வடசென்னைக் கானாவை அக்குழு நகரின் பெரிய மேடைகளுக்குக் கொண்டுவந்தது. 2019-இல் ‘தெருக்குறள்’ என்னும் பாடல் தொகுப்பு வந்தது. 2021 மார்ச்சில் ‘எஞ்சாய் எஞ்சாமி’ வெளிவந்தது. அறிவும் தீயும் பாட, சந்தோஷ் நாராயணன் இசைத் தயாரிப்பைக் கவனித்தார். இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் தாயகம் திரும்பிய அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் வாழ்வு அப்பாடலின் வேராய் இருந்தது. ஒப்பாரியின் சாயலும் அதில் உண்டு. 40 கோடி தடவைக்கு மேல் அதை மக்கள் கண்டும் கேட்டும் மகிழ்ந்தனர்.

பாடல் வளர்ந்தபின் வழக்கும் வளர்ந்தது. 2021 ஆகஸ்டில் ஓர் இசை இதழின் அட்டையில் அப்பாடலையும் குறித்து வந்த படத்தில் அறிவு இல்லை. கண்டனம் எழுந்தபின் அவருக்குத் தனி அட்டை வந்தது. 2022 சூலையில் சென்னையில் நடந்த செஸ் ஒலிம்பியாட் தொடக்க விழாவில் அப்பாடல் ஒலித்தபோதும் மேடையில் அவர் இல்லை. பாடலில் தம் பங்கு எத்தகையது என்று அவர் எழுதினார்; மற்ற இருவரும் தம் நிலையை விளக்கினர். 2024 மார்ச்சில் சந்தோஷ் நாராயணன், அப்பாடலால் தமக்கோ மற்ற இருவருக்கோ அதுவரை ஒரு ரூபாயும் வரவில்லை என்று வெளிப்படையாகச் சொன்னார். யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்று தீர்ப்புக் கூறுவது நம் வேலையன்று. பாடலைக் கோடிக்கணக்கானோர் கேட்டிருக்க, அதன் வருவாய் எங்கே என்று படைத்தவர்களே கேட்க நேர்ந்ததே, அது நம்மைச் சிந்திக்க வைக்கிறது.

சட்டம் இதில் மௌனமாய் இல்லை. 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம் 2012-இல் திருத்தப்பட்டது. பாடலாசிரியரும் இசையமைப்பாளரும் தம் படைப்பை நிறுவனத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டாலும், அது பயன்படும்போதெல்லாம் வரும் உரிமைத்தொகையில் சமபங்கு பெறும் உரிமையை நிறுவனத்துக்கு விட்டுக்கொடுக்க முடியாது என்று அத்திருத்தம் விதித்தது. வறுமையில் ஒருவன் இடும் கையெழுத்து அவன் நாளைய உணவையும் விற்றுவிடக் கூடாது என்னும் கருணை அதில் இருக்கிறது. ஆனால் கணக்கு யார் கையில் இருக்கிறதோ அவர் காட்டினால்தான் பங்கு தெரியும். இறால் எவ்வளவு விழுந்தது என்பதை முறைக்காரன் தன் கண்ணால் காண்கிறான், பாடகன் காண்பதில்லை.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். ‘பாட்டு இறைவன் தந்த கொடை, கொடையாகப் பெற்றதை விலை பேசலாமா? உண்மைக் கலைஞன் காசைக் கருதுவானா?’ என்று கேட்பார் உண்டு. கேட்பதற்கு உயர்வாயிருக்கிறது. ஆயின் இக்கேள்வியை எழுப்புபவர் பெரும்பாலும் மாதச் சம்பளம் பெறுபவராகவே இருக்கிறார். சங்க காலத்துப் பாணர் பசியோடு அலைந்ததை ஆற்றுப்படை நூல்கள் மறைக்கவில்லை. பரிசில் பெற்ற கலைஞன் பெறாதவனுக்கு வழிகாட்டுவதே அந்நூல்களின் அமைப்பு. பாடுபவனும் உண்ண வேண்டும் என்பதைச் சொல்ல நம் முன்னோர் நாணவில்லை. குரல் கொடையாக இருக்கலாம். பயிற்சி உழைப்பு, ஒலிப்பதிவுக் கூடத்தின் வாடகை காசு. கொடுக்க வேண்டுமா என்று முடிவு செய்யும் உரிமை கொடுப்பவனுடையது. அவன் கொடுக்குமுன்னே நாம் எடுத்துக்கொண்டு, அதற்குக் கொடை என்று பெயரிடுவது நேர்மையாகாது.

நம் ஊர்களில் நடப்பது என்ன? திருவிழாவுக்குப் பந்தல்காரருக்குக் கூலி உண்டு. ஒலிபெருக்கிக்காரருக்கு முன்பணம் உண்டு. வாணவேடிக்கைக்குத் தனி வசூலே உண்டு. பாட வந்தவருக்கு மட்டும் ஒரு சால்வையும் இரவுச் சாப்பாடும். ‘ஆண்டவருக்காகப் பாடுகிறீர்கள், அவர் பார்த்துக்கொள்வார்’ என்று சொல்லி அனுப்பும்போது, கடனை நாம் ஏற்றிவைப்பது யார் தலையில்? பந்தல்காரரிடம் அப்படிச் சொல்லத் துணிவோமா?

இத்துடன் நிறுத்தினால் பாதி உண்மையே சொன்னவராவோம். பாடகனுக்கும் ஒரு கடன் உண்டு. தேயிலைத் தோட்டத்தில் முதுகு வளைந்தவர் வள்ளியம்மாள். கானாவின் மெட்டை இன்னார் இட்டார் என்று பெயர் சொல்ல முடியாது. எத்தனையோ மரண வீடுகளில் அது திரண்டது. எண்ணூரின் சாம்பலை மூச்சாக இழுத்தவர்கள் அங்குள்ள மீனவர்கள். பிறர் பட்ட பாட்டிலிருந்தே பாடகனின் பாட்டு பிறக்கிறது. ஆதலால் உரிமை கோரும் நாவு, தான் யாரிடமிருந்து பெற்றது என்பதையும் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. 2024-இல் அறிவு வெளியிட்ட தொகுப்புக்கு ‘வள்ளியம்மா பேராண்டி’ என்று பெயரிட்டார். பேரன் என்று தன்னை அழைத்துக்கொள்பவன் சொத்துக்கு உரியவன் மட்டுமல்லன், கடனுக்கும் உரியவன்.

ஏரிக்கரையின் பாட்டு முறையிலும் ஒரு குறை உண்டு என்பதை மறைக்கலாகாது. முறை என்பது உறுப்பினருக்குத்தான். அச்சமூகத்தில் பிறவாதவருக்கு அங்கே பாடு இல்லை. அதனால் சச்சரவுகளும் நேர்ந்திருக்கின்றன. ஆழமற்ற நீரில் உட்கார்ந்து கையால் துழாவி இறால் பிடிக்கும் இருளர் பெண்கள் எந்த முறைப் பட்டியலிலும் இல்லை. நியாயமாய்ப் பங்கிடும் சபைக்கு வெளியேயும் சிலர் நிற்கிறார்கள். பாடலின் வருவாயைப் பாடகரும் இசைத்தவரும் நிறுவனமும் செவ்வனே பங்கிட்டுக்கொண்ட பின்னும், கரையில் நின்று ஒப்பாரி சொல்லிக்கொடுத்த மூதாட்டிக்கு என்ன என்னும் வினா எஞ்சி நிற்கும். சட்டம் அதற்கு விடை தரவில்லை. மனச்சான்றுதான் தர வேண்டும்.

ஆகவே பாடலைப் புறம்போக்காகவும் எண்ண வேண்டாம். ஒருவர் வேலி போட்டு அடைத்துக்கொள்ளும் மனையாகவும் எண்ண வேண்டாம். அது ஒரு பாடு. நீர் பொது, முறை ஒருவருடையது, அம்முறையில் விழுந்த பலன் அவருக்குரியது, முறை முடிந்ததும் அடுத்தவருக்கு இடம் விட வேண்டும். கேட்பவராகிய நமக்கு இதில் எளிய கடமைகள் சில உண்டு. பாடலை இயற்றியவர் பெயரை அறிந்து சொல்வது. பாட அழைத்தால் ஊதியத்தை முதலிலேயே பேசி, விழா முடிந்த அன்றே கையில் தருவது. பணம் இல்லையெனில் இல்லையென்று சொல்லி, இலவசமாய்ப் பாடுவதா என்பதை அவர் விருப்பத்துக்கு விடுவது.

தவக்காலத்தில் பாடுகளைத் தியானித்து வருந்துபவர் நாம். பாடுபவர் படும் பாட்டையும் அந்தத் தியானத்தில் சேர்த்துக்கொள்வோமாக.