ஜாம்பவான் செய்த உதவி



கிஷ்கிந்தா காண்டம் முடியும் இடத்தைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். தென்கடல் கரையில் வானரங்கள் கவலையோடு உட்கார்ந்திருக்கின்றன. சீதாதேவி இலங்கையில் இருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. நடுவில் 100 யோசனைக் கடல். யார் தாண்டுவது? வால்மீகி சொல்கிறபடி, ஒவ்வொருவராகத் தங்கள் கணக்கைச் சொல்கிறார்கள். ஒருவன் 10 யோசனை தாண்டுவேன் என்கிறான். அடுத்தவன் 20, அதற்கடுத்தவன் 30. ஜாம்பவான், "வயதாகிவிட்டது, இப்போது 90தான் முடியும்" என்கிறார். அங்கதன் 100 தாண்டுவானாம், திரும்பி வருவதுதான் சந்தேகமாம்.

இந்த இடத்துக்கு வந்தாலே எனக்கு ஜிம்தான் ஞாபகம் வரும். "நீ பெஞ்ச் எவ்ளோ போடுவே?" "80." "நான் 100லா!" அதே பேச்சுதான்.

இந்தக் கணக்கில் சேராமல் ஒருவர் மட்டும் ஓரமாக, பேசாமல் இருக்கிறார். முனிவர்களின் சாபத்தால் தன் பலம் தனக்கே தெரியாமல் போன அனுமன். ஜாம்பவான் நேராக அவரிடம் போகிறார். "அங்கதனைப் பார், நீயும் இருக்கிறாயே" என்று குத்திக் காட்டவில்லை. அனுமனுடைய சொந்தக் கதையையே அவருக்குச் சொல்கிறார். நீ வாயுவின் மைந்தன், குழந்தையாக இருந்தபோதே சூரியனைப் பழமென்று நினைத்துப் பாய்ந்தவன், வஜ்ராயுதம் பட்டும் பிழைத்தவன் என்கிறார். கேட்கக் கேட்க அனுமன் வளர்கிறார். கடலைத் தாண்டியது அனுமன்தான். ஜாம்பவான் கரையிலேயே நின்றார்.

என் நண்பன் ஒருவன் வெள்ளிக்கிழமை தேவார வகுப்பு முடிந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டான். "மச்சான், எடைப் பயிற்சி செய்யணும். கூட்டிட்டுப் போறியா? ஆனா ஆள் இல்லாத நேரமா பார்த்துப் போலாம்டா." அவனுக்கு வயது 26, எடை 110 கிலோ. இனிப்புநீரால் அவன் அப்பாவுக்கு ஒரு காலை எடுத்துவிட்டார்கள். இப்போது இவனுக்கும் சர்க்கரை ஏறுகிறது என்று கிளினிக்கில் சொல்லிவிட்டார்கள். முன்பு ஒரு ஜிம்மில் சேர்ந்திருக்கிறான். அவன் மூச்சு வாங்குவதை யாரோ படம் பிடித்து வாட்ஸ்அப்பில் போட்டு சிரித்திருக்கிறார்கள். மூன்றாம் நாளே நின்றுவிட்டான்.

அவனை முதலில் டாக்டரிடம் கேட்டு வரச் சொன்னேன். சர்க்கரைக்கு மருந்து எடுப்பவர்களுக்குப் பயிற்சி நேரத்தில் சர்க்கரை திடீரென்று இறங்கலாம். அவர் சரி என்றதும் தொடங்கினோம், ஆனால் ஜிம்மில் இல்லை, அவன் வீட்டு வாசலில். தோப்புக்கரணம்! ஸ்குவாட் என்று இன்றைக்குக் காசு கொடுத்துக் கற்கிறோமே, பிள்ளையார் சந்நிதியில் சின்ன வயதிலேயே அதைப் போட்டவர்கள்தானே நாம்? பின்னால் ஒரு நாற்காலி வைத்து, அதில் தொட்டும் தொடாமலும் உட்கார்ந்து எழச் சொன்னேன். இரண்டு வாரம் அவ்வளவுதான்.

பிறகு ஜிம். காலை 6 மணிக்குக் கூட்டம் குறைவு. எடைத் தட்டு எதுவும் போடாத வெறும் கம்பியே 20 கிலோ. "வெறும் கம்பியாடா? வெக்கமா இருக்கு" என்றான். "டேய், அன்னதானத்துக்கு 25 கிலோ அரிசி மூட்டையைத் தோளில் தூக்கிட்டு வந்தது யாரு? பால்குடத்தோட பத்துமலை 272 படி ஏறினது யாரு?" என்று கேட்டேன். பதில் சொல்லவில்லை, கம்பியைப் பிடித்தான். அன்றைக்கு நானும் வெறும் கம்பிதான் தூக்கினேன். பக்கத்தில் இருந்தவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்தார்கள். ஆணவ மலம் என்று சைவ சித்தாந்தம் சொல்வதை வகுப்பில் படிப்பது வேறு, கண்ணாடி முன்னால் வெறும் கம்பியோடு நின்று பார்ப்பது வேறு!

வாரத்தில் மூன்று நாள், நடுவில் ஒரு நாள் ஓய்வு. உட்கார்ந்து எழுவது, தள்ளுவது, இழுப்பது என்று மூன்றே வேலை. ஒவ்வொன்றும் 10 தடவை, இரண்டு மூன்று சுற்று. முடித்த பிறகும் இன்னும் இரண்டு தடவை செய்யத் தெம்பு இருந்தால் அடுத்த முறை 2.5 கிலோ கூட்டலாம். உழைக்கும் தசை இரத்தத்திலிருக்கும் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும், அவனுக்கு அதுதான் முக்கியம். மறுநாள் சதை வலிப்பது சாதாரணம். மூட்டில் குத்தினாலோ, நெஞ்சு இறுகினாலோ, தலை சுற்றினாலோ அங்கேயே நிறுத்திவிட வேண்டும். ஆர்வத்தில் தினமும் வரேன் என்றான். அதிகம் உண்பவனுக்கும் உண்ணாதவனுக்கும், அதிகம் தூங்குபவனுக்கும் தூங்காதவனுக்கும் யோகம் இல்லை என்று கீதையின் 6ஆம் அத்தியாயத்தில் கண்ணன் சொன்னதை எடுத்துச் சொல்லி வீட்டுக்கு அனுப்பினேன். சாப்பாட்டில் பெரிய மாற்றம் இல்லை. சைவ நாட்களில் தெம்பே, தவ்வு, பருப்பு கூடுதலாகச் சேர்த்துக்கொண்டான். தே தாரிக்குக்குப் பதில் தே ஓ, அதுவும் 'கோசோங்'. அவன் எடை எத்தனை குறைந்தது என்று நான் ஒருநாளும் கேட்டதில்லை.

பெஞ்சில் படுத்துத் தூக்கும்போது தலைமாட்டில் ஒருவர் நிற்க வேண்டும். கம்பிக்குக் கீழே கை இருக்கும், ஆனால் தொடாது. இதுதான் கஷ்டமான வேலை. ஒருநாள் 30 கிலோவில், எட்டாவது தடவை கம்பி பாதி வழியில் நின்றுவிட்டது. கை நடுங்குகிறது, கண் என்னைப் பார்க்கிறது. பிடித்துவிடத் துடித்தது மனசு. "இருக்கேன்டா, தள்ளு" என்றேன். மெதுவாக, மிக மெதுவாக மேலே போனது. சுவாமியின் அபய கரத்தைப் பார்த்திருக்கிறீர்கள்தானே? பயப்படாதே என்றுதான் அந்தக் கை சொல்கிறது. நம் சுமையைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுவதில்லை. அவசரப்பட்டு நான் கம்பியைத் தூக்கியிருந்தால் அந்த எட்டாவது தடவை என்னுடையதாகப் போயிருக்கும். அதே சமயம், கம்பி கீழே இறங்கத் தொடங்கினால் ஒரு நொடிகூட யோசிக்காமல் பிடித்துவிட வேண்டும். அந்த வித்தியாசம் தெரியாதவர் நண்பன் தலைமாட்டில் நிற்கவே கூடாது.

தன் உடம்பை முன்பு இழிவாக நினைத்ததாகவும், பிறகு அதற்குள்ளேயே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டதாகவும் திருமூலர் சொல்கிறார். என் நண்பன் கண்ணாடியைப் பார்க்காமல் முகம் திருப்பிக்கொண்டுதான் ஜிம்முக்குள் நுழைவான். இப்போது கண்ணாடி முன்னால் நின்று முதுகு நேராக இருக்கிறதா என்று அவனே பார்த்துக்கொள்கிறான்.

ஏழு மாதம் ஆகிவிட்டது. ஷிஃப்ட் மாறியதால் அவன் தனியாகவே போகிறான். போன வாரம் போன் பண்ணினான். அம்மாவுக்கு நாற்காலியிலிருந்து எழுந்திருக்கவே கஷ்டமாக இருக்கிறதாம், தோப்புக்கரணத்திலிருந்து ஆரம்பிக்கலாமா என்று கேட்டான். "வேணாம், நாற்காலியைச் சுவரோட ஒட்டி வை. மேல ஒரு தலையணை போட்டு உயரமாக்கு. முதல்ல அஞ்சு தடவை போதும்" என்றேன். "கை கொடுத்துத் தூக்கிவிடட்டா?" என்றான். "பக்கத்துல நில்லு" என்றேன்.