மண்ணுள் புதைந்த தாலந்து

வகுப்பில் 40 பேர். ஆசிரியர் கரும்பலகையில் கணக்கை எழுதி முடிக்குமுன்பே ஒரு மாணவன் விடையைக் கண்டுவிடுகிறான். அவனுக்கெனத் தனி நேரம் ஒதுக்குவது முறையா? எஞ்சிய 39 பேருக்கு அது அநீதியாகாதா?

ஆண்டவர் கூறிய தாலந்து உவமை (மத்தேயு 25) இவ்வினாவிற்கு ஒளி தருகிறது. தலைவர் எல்லாருக்கும் ஒரே அளவாகக் கொடுக்கவில்லை. எவருக்கும் சொந்தமாகவும் கொடுக்கவில்லை. குறைவாகப் பெற்றதற்காக எவனும் கண்டிக்கப்படவில்லை. பெற்றதைப் புதைத்து வைத்தவனே கண்டிக்கப்பட்டான். கொடைகள் பொதுநன்மைக்கே அளிக்கப்படுகின்றன என்பது தூய பவுலின் போதனை (1 கொரிந்தியர் 12). அங்ஙனமாயின், அந்த ஒருவனின் திறனை வளர்ப்பது மற்ற 39 பேருக்கும் நாம் ஆற்றும் கடமையே ஆகும்.

புதைந்து கிடப்பதன் பொருளை நெய்வேலியில் வாழும் நாம் நன்கு அறிவோம். 1930களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது பழுப்பு நிலக்கரி வெளிப்பட்டது. 1956இல் நிறுவனம் தோன்றியது. 1962இல்தான் மின்சாரம் பிறந்தது. மேல்மண்ணை அகற்ற வேண்டும். அடியிலிருந்து மேலெழும் நிலத்தடி நீரை இரவு பகலாக இறைக்க வேண்டும். வெட்டிக் குவித்த கரியைக் கவனியாது விட்டால் அது தானே தீப்பற்றிக்கொள்ளும். திறமையும் அவ்வாறே. அதைக் கண்டறிய ஒரு நாள் போதும். பேணுவதோ அன்றாடப் பணி. கவனிப்பாரற்ற கூர்மதி, சலிப்பாகவும் செருக்காகவும் மாறித் தன்னையே எரித்துக்கொள்ளும்.

எப்படிப் பேணுவது? பிரான்சு நாட்டு இயேசு சபைக் குருவான சார்லஸ் ரசீன் அடிகளார் 1937இல் இந்தியா வந்தார். பின்னர் சென்னை இலயோலாக் கல்லூரியில் நெடுங்காலம் கணிதம் கற்பித்தார். தம் தாய்நாட்டில் அன்று வளர்ந்துவந்த புதிய கணிதத்தை, பழைய பாடத்திட்டத்தின் எல்லையைக் கடந்து மாணவருக்குக் காட்டினார். ஆர்வமுடையோரை பம்பாயிலிருந்த டாடா ஆய்வு நிறுவனத்திற்கு ஆற்றுப்படுத்தினார். அவருடைய மாணவர்களான சி. எஸ். சேஷாத்ரியும் எம். எஸ். நரசிம்மனும் 1965இல் வெளியிட்ட தேற்றம் உலகெங்கும் அவ்விருவர் பெயராலேயே வழங்குகிறது. அவர்கள் கிறித்தவர்கள் அல்லர். இதனால் திருச்சபைக்கு என்ன ஆதாயம் என அடிகளார் கணக்குப் பார்க்கவில்லை. கொடுத்தவர் இறைவன் என்ற ஒன்றே அவருக்குப் போதுமானதாயிருந்தது.

நாமோ மதிப்பெண்ணையே கொடை என எண்ணி மயங்குகிறோம். முதலிடம் பெற்றவரின் படத்தைப் பள்ளி வாயிலில் மாட்டுகிறோம். தேர்ச்சி விழுக்காடு குறையுமென அஞ்சி, பின்தங்கிய பிள்ளையைச் சேர்க்கத் தயங்குகிறோம். நகரியத்தில் நிரந்தரப் பணியாளர் வீட்டுப் பிள்ளையின் திறமை எளிதில் கண்ணில் படுகிறது. ஒப்பந்தத் தொழிலாளியின் மகளுடைய திறமையோ, சுரங்கத்திற்கு நிலம் தந்து இடம்பெயர்ந்த குடும்பத்துப் பேரனுடைய திறமையோ அவ்வாறு படுவதில்லை. அவர்கள் நிலத்தினடியில் இருந்ததைத் தேடி எடுத்த நாம், அவர்கள் பிள்ளைகளின் உள்ளத்தில் இருப்பதைத் தேடாதிருப்பது நீதியாகுமா?

செய்யத்தக்கவை அரியன அல்ல. எட்டாம் வகுப்பு மாணவர்க்கான தேசிய வருவாய்வழித் திறன் படிப்புதவித் தேர்வைப் பற்றி அன்பியக் கூட்டங்களில் அறிவிக்கலாம். ஓய்வுபெற்ற ஆசிரியர்களும் பொறியாளர்களும் வாரம் ஒரு மாலையை ஒரு பிள்ளைக்கு ஈயலாம். விரைந்து கற்பவன் தன் அருகிலிருப்பவனுக்குக் கற்பிக்கப் பழக்கலாம். கொடை பொதுவுடைமை என்பதை அவன் அங்கேதான் கற்பான்.

தலைவர் திரும்பி வருவார். அவர் கேட்கும் கணக்கில் நம் பிள்ளைகளின் தாலந்துகள் மட்டுமல்ல, அடுத்த வீட்டுப் பிள்ளையின் தாலந்தும் இருக்கும்.