போட்ட துண்டு யாருக்குச் சொந்தம்?

மூணு வருசமாக அலமாரியில் பாச்சை உருண்டையோடு கிடந்த பாட்டியின் பாத்தேக் கைலியை, சனிக்கிழமை குவில்ட் வகுப்புக்கு எடுத்துப் போனேன். அங்கே பென்சிலும் ரூலரும் கூடாது. கத்தரி போன போக்கில் பூ வரணும். வேலையிடத்தில் அரை மில்லிமீட்டர் பிசகினாலே திரும்ப வரைகிறவன் நான். கோணலாய் வந்த இதழைப் பொதுக் குவியலில் போட்டுவிட்டேன். பக்கத்து மேசை மக்சிக் அதை எடுத்துத் தன் செம்பருத்திக்கு நடுவில் வைத்துத் தைத்தார். அழகாகத்தான் இருந்தது. எனக்கு எரிச்சல். அது எங்க பாட்டியோடது!

வேண்டாமென்று போட்டதும் நான்தானே? துணியைக் கைவிட்டவனுக்கு அதன் நினைவில் மட்டும் உரிமை உண்டா?

1942இல், அலபாமாவின் ஜீஸ் பெண்டில், மிசூரி பெட்வே இறந்துபோன கணவரின் வேலை உடைகளைக் கொண்டே போர்வை தைத்தார். நினைவுக்காக அவர் துணியைப் பூட்டி வைக்கவில்லை, போர்த்திக்கொள்ளும்படி மாற்றினார். நான் பூட்டி வைத்தேன். அதை நினைவு என்றும் சொல்லிக்கொண்டேன்.

துணி இனி மக்சிக்குடையது. அது யாருடையது என்று சொல்லவேண்டிய கடன் மட்டும் எனக்கு இருக்கிறது. சொன்னேன்.

ஊசியை நிறுத்திவிட்டு, "பாட்டி பேர் என்ன?" என்று கேட்டார்.