வாடகையும் தர்மமும்

ஹட்டன் தோட்டங்களில் லயன் காம்பரா தோட்டத்துக்கே சொந்தமாயிருந்தது. கூரை ஒழுகினாலும் தொரையிடம்தான் சொல்ல வேண்டும். 1964 சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தப்படி லயத்திலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறியவர்களிடம் விற்கவோ வாடகைக்கு விடவோ வீடு இருக்கவில்லை.

இன்று அத்தகைய குடும்பங்களின் பிள்ளைகள் சிலர் வெளிநாட்டில் வீடு வாங்கி, முதன்முறையாக வாடகைக்கு விடுகின்றனர். உழைத்துத் தேடிய வீட்டுக்கு நியாயமான வாடகை பெறுவது பாவமன்று. வீட்டைப் பேணி, வாடகையைக் காலத்தில் செலுத்துவது குடியிருப்பவர் கடமை. ஒழுக்கைத் திருத்துவதும், முற்பணத்தைக் கணக்கோடு திருப்பிக் கொடுப்பதும், அவகாசமின்றி வெளியேற்றாதிருப்பதும் உரிமையாளர் கடமை. வங்கித் தவணை நெருக்கும்போதுதான் இந்தத் தர்மம் சோதிக்கப்படும். லயத்து ஒழுக்கில் நனைந்த பரம்பரை, பிறர் நனைவதைப் பார்த்திருக்கலாகாது.

உடம்பையே உயிரின் ஒதுக்கிடமாகக் காண்கிறார் திருவள்ளுவர், நிலையாமை அதிகாரத்தில். திறப்பு யார் கையிலிருந்தாலும் இவ்வுலகில் அனைவரும் குடியிருப்பவரே.